இட்டூப் மடிப்பு

டீ ஆறிப்போனதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவனுக்கு ஆறிய டீதான் டீ. சுடச்சுடக் குடிக்கும் ஆசை இருந்திருந்தால் தோல் டாக்டருக்குப் படித்திருப்பேன்.

நான்கு நாளாக இந்த விசாரணைக்காக நாம் நால்வரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி பார்கவியம்மா. அவருக்கு வலப்பக்கம் எர்ணாகுளத்து சர்ஜன் சசீந்திரன். இடப்பக்கம் மெடிக்கல் காலேஜ் புரொபசர். சசீந்திரனின் தையலை நான் பார்த்திருக்கிறேன், கோணி ஊசியால் சாக்கு வாயை மூடியது போல இருக்கும். புரொபசரின் தையலைப் பார்த்ததில்லை. புரொபசர்கள் தைப்பதில்லை, தைப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

திருச்சூர் அரியங்காடியில் அரிசி மூட்டை சுமந்த தேவஸ்ஸி என் ஆஸ்பத்திரியில் எப்படி இறந்தான் என்பது உங்கள் கேள்வி. நேற்று இடைவேளையில் சசீந்திரன் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "சாரே, கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா போதும். ஆறு மாசம் கத்தியைத் தொட முடியாது, அவ்வளவுதான். அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? நாங்க எல்லாம் இருக்கோம்ல" என்றார். நல்ல மனசு. அதற்கேற்ற மாதிரி அறிக்கையையும் டைப் அடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நீதிபதி அம்மாவுக்காகச் சொல்கிறேன். மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆண்களுக்குத் தொடையிடுக்குக்குச் சற்று மேலே, வயிற்றுச் சுவரில், பிறவியிலேயே ஓர் இளகின இடம் உண்டு. மூட்டை தூக்கித் தூக்கி, முக்கி முக்கி, அது ஒருநாள் விட்டுக்கொடுக்கும். அந்தச் சந்து வழியாகக் குடல் வெளியே எட்டிப் பார்க்கும். படுத்தால் உள்ளே போகும், நின்றால் வரும். இதுதான் குடலிறக்கம். சில பேருக்கு வந்த குடல் திரும்பிப் போக முடியாமல் கழுத்து இறுகிக்கொள்ளும். ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் அந்தத் துண்டு செத்துவிடும்.

ஆபரேஷன் என்பது குடலை உள்ளே அனுப்பிவிட்டு வாசலை அடைப்பது. எதை வைத்து அடைப்பது என்றுதான் சர்ஜன்கள் நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். இப்போது ஒரு பிளாஸ்டிக் வலை வந்திருக்கிறது. சுவரைத் தைக்கத் தெரியாதவர்கள் அந்த வலையை வைத்து ஒட்டுப் போடுகிறார்கள். மனுஷன் வயிற்றில் கொசுவலை கட்டுவதற்குப் பெயர் விஞ்ஞானம். நான் அந்த மனுஷனின் சொந்தச் சதையுறையை எடுத்து, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் ஏற்றி, இரண்டு வரிசையாகத் தைப்பேன். வேட்டியை இரண்டாக மடக்கிக் கட்டுகிறோமே, அதே மாதிரி. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு என் பெயரையே போட்டு இட்டூப் மடிப்பு என்பார்கள். பெயரை நான் வைக்கவில்லை. மற்றவர்கள் வைத்தபோது தடுக்கவும் இல்லை.

ஒன்பது வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்த மடிப்பைப் போட்டிருக்கிறேன். வெறும் தையல் போட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் திரும்ப வரும் என்கிறார்கள். வலை வைத்தாலும் ஒன்றிரண்டு பேருக்கு வரும். எனக்கு ஒருவருக்கும் வரவில்லை. பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தைக் கேட்டுவிட்டு எடின்பரோவிலிருந்து ஒரு பேராசிரியர் கடிதம் எழுதினார். எர்ணாகுளத்தில் நடக்கும் சர்ஜன்கள் மாநாட்டில் நான் பேசுவதை நேரில் வந்து கேட்பதாகவும், அவருடைய பாடப்புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குவதாகவும். படத்தோடு ஒரு பக்கம்.

எப்படிக் கணக்கெடுத்தேன் என்று புரொபசர் இரண்டாம் நாள் கேட்டார். குரலில் கொஞ்சம் நக்கல் இருந்தது. ஆபரேஷன் முடிந்து வருடா வருடம் ஒவ்வொருவருக்கும் ஒரு ரிப்ளை கார்டு அனுப்புவேன். முதல் வருடம் அதில் ஏழு கேள்விகள் இருந்தன. வீக்கம் உண்டா, இருமினால் புடைக்கிறதா, வலி உண்டா, இப்படி. பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களில் பதினோரு பேர் புடைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்பாகத்தான் வரும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சுகம்தானே என்று ஒரே ஒரு கேள்வி வைத்தேன். 'சுகமல்லே?'

நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். சுகமல்லே என்று கேட்டால் சுகம் என்பார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் சுகம் என்றுதான் வாய் சொல்லும். வேறு பதில் சொல்வது மரியாதைக்குறைவு. அதற்குப் பிறகு கார்டுகள் மடமடவென்று வந்தன. நூற்றுப் பன்னிரண்டாம் எண்காரர் மாரடைப்பில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி கார்டில் 'சுகம்' என்று எழுதி, கீழே, மருமகளுக்கு இது மாதம், நல்ல லேடி டாக்டர் யார் என்று கேட்டிருந்தாள். அவரையும் சேர்த்துக்கொண்டேன். செத்தவருக்கு எப்படித் திரும்ப வரும்? பதிலே போடாதவர்கள் சுகமாக இருப்பதால்தான் போடவில்லை என்று வைத்துக்கொண்டேன். அதில் என்ன பிழை இருக்கிறது?

சிலர் கார்டு போடாமல் நேரில் வந்து நின்றார்கள். வேட்டியை விலக்கிக் காட்டினார்கள். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். ஆபரேஷன் செய்த சர்ஜன் விரல் வைத்துப் பார்த்து, திரும்ப வந்தது என்று சொன்னால்தான் திரும்ப வந்தது. எல்லா ஆபரேஷனும் செய்தவன் நான். விரலும் என்னுடையது. ஒருவருக்கு நீர் கோத்திருந்தது. ஒருவருக்கு நெறி கட்டியிருந்தது. ஒருவருக்குப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று புறப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டில் திருடன் நுழைந்தால் என் வீட்டுப் பூட்டு சரியில்லை என்று ஆகுமா?

எங்கள் வார்டை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ரோசிலி சிஸ்டர்தான் கார்டுகளை ரிஜிஸ்டரில் ஒட்டுவாள். அவளுக்கு வாய் அதிகம். ஒருநாள் பசையைத் தடவிக்கொண்டே, "சாரே, இப்படி எல்லாரும் சுகமா இருந்தா நாம ஆஸ்பத்திரியை மூடிட்டு மீன் விக்கப் போகலாம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தேவஸ்ஸி முந்நூற்று நாற்பத்தொன்றாம் எண். நாற்பத்தாறு வயது, கருங்கல் மாதிரி உடம்பு. ஆபரேஷன் முடிந்த நாற்பதாம் நாள் எழுபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அரியங்காடி நடுவில் நின்றான். நான் போட்டோகிராபரை அழைத்துப்போயிருந்தேன். நீலச்சட்டை, தலைத்துண்டு, முகம் கொள்ளாத சிரிப்பு. எர்ணாகுளத்தில் காட்ட வேண்டிய முதல் படம் அதுதான். அங்காடியில் யார் கேட்டாலும் வேட்டியை இறக்கித் தழும்பைக் காட்டுவான். "இட்டூப் டாக்டர் தைச்சது. என் வீட்டுக்காரி தைச்ச சட்டைகூட இவ்வளவு கெட்டி கிடையாது" என்பான். அவன் வாயாலேயே எனக்கு அங்காடியிலிருந்து முப்பது பேர் வந்தார்கள்.

அப்படிப்பட்டவன் மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். வழக்கமாகக் கதவுக்கு வெளியே நின்றே கத்திப் பேசுகிறவன்.

"டாக்டரே, ஒண்ணுமில்ல. சும்மா ஒரு வாட்டி பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குடா பாக்கணும்?"

"பெரிய மூட்டை ஏத்தும்போது அங்க ஏதோ வந்து தட்டுது. வீட்டுக்காரி கொச்சுத்ரேசியா பயப்படறா. நான் பயப்படல. ஆனா யூனியன்ல இப்போ வருஷா வருஷம் டாக்டர் சீட்டு கேக்குறாங்க. குடலிறக்கம்னு எழுதிட்டீங்கன்னா பேட்ஜைப் பிடுங்கிடுவாங்க. பேட்ஜ் இல்லாம அங்காடியில நின்னா நான் கேட்டுல உக்கார்ற நாய் மாதிரி."

நிற்க வைத்து, விரல் வைத்து, இருமச் சொன்னேன். வந்து இடித்தது. எந்த இடத்திலிருந்து வந்து இடித்தது என்று என் விரலுக்குத் தெரியும். அதை இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்து விநாடியில் எங்கள் இருவருக்கும் ஒரே பதில்தான் வேண்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன்" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். யூனியனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சுமை தூக்கத் தகுதியானவன். சந்தோஷமாக நேரே அங்காடிக்குப் போனான். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாநாடு முடிந்த திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது பெயர் சொல்லி, சத்தமில்லாமல் தைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவனைப் பற்றி எனக்கு அக்கறை இல்லாமல் இல்லை.

அவன் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. மாநாடு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கொச்சுத்ரேசியா ஆட்டோவில் அவனைக் கொண்டுவந்தாள். விடியற்காலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது பிடித்துக்கொண்டதாம். மூன்று முறை வாந்தி. நெற்றியெல்லாம் வேர்வை. காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக ஆகும் என்று நான் நினைத்ததில்லை.

பதினோரு மணிக்கு எனக்குக் கார். மாலையில் எடின்பரோ பேராசிரியரோடு சாப்பாடு. இருந்தது இரண்டரை மணி நேரம். ஆபரேஷன் செய்ய அதில் பாதி போதும். செத்த துண்டை வெட்டியெடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்து, அவனை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எனக்குத் தெரியாத வேலை இல்லை. இந்த ஜில்லாவில் என்னைவிட நன்றாக அதைச் செய்கிறவர் யாரும் இல்லை, இந்த மேஜையிலும் இல்லை.

ஆனால் தியேட்டரில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பெயர் எழுத வேண்டும். மயக்க மருந்து டாக்டர் கையெழுத்துப் போடுவார். இரண்டு நர்ஸ்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தேவஸ்ஸியின் வயிற்றைத் திறந்தால் அவர்கள் எல்லோரும் என் மடிப்பைப் பார்ப்பார்கள். நோட்டில் என்ன எழுதுவது? முந்நூற்று நாற்பத்தொன்று, திரும்ப வந்தது, என்றா? முதல் படத்தில் மூட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பவனையா?

அவனைச் சின்ன அறைக்கு மாற்றச் சொன்னேன். பெத்தடின் ஊசி போட்டேன். வலி கொஞ்சம் இறங்கி வயிறு தளர்ந்ததும், திரையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் அந்த வீக்கத்தின் மேல் வைத்தேன்.

நீதிபதி அம்மாவுக்கு இதை விளக்க வேண்டும். வெளியே வந்த குடலைக் கையாலேயே பக்குவமாக உள்ளே அனுப்பலாம். பழைய வித்தை. புதிதாக வந்த இறக்கத்துக்கு, குடல் உயிரோடு இருக்கும்போது செய்யலாம். தோல் சிவந்து, தொட்டாலே வலித்து, காய்ச்சலும் இருந்தால் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் குடல் செத்திருக்கும். அதை உள்ளே தள்ளினால் வெளியே வீக்கம் இருக்காது, வலிகூடச் சில மணி நேரம் குறையும், ஆனால் அழுகின குடல் வயிற்றுக்குள் போய் உடையும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இது மூன்றாம் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம். நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

தேவஸ்ஸிக்குத் தோல் சிவந்திருந்தது. சிவப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, நாவற்பழ நிறத்துக்குத் திரும்பியிருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு.

ரோசிலி திரைக்கு உள்ளே வந்துவிட்டாள். "சாரே, என்ன பண்றீங்க? நிறம் மாறியிருக்கு. தள்ளக் கூடாது."

"நீ வெளிய போ."

"நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டீங்க, செத்த குடலைத் தள்ளினவனுக்கும் கழுத்தை நெரிச்சவனுக்கும் வித்தியாசம் இல்லன்னு. நான் இன்னும் அழிக்கல, வந்து பாருங்க."

"ரோசிலி, வெளிய நில்லு."

அவள் போனாள். போகும்போது திரையைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள், அது பழக்கம். எனக்குக் கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். என் எழுத்தை என்னிடமே வாசித்துக் காட்டுகிறாள்.

ஏழெட்டு நிமிடம் பிடித்தது. என் விரல்களுக்குப் பலம் அதிகம், பொறுமையும் அதிகம். அவசரப்படுகிறவன் தோலைக் கிழித்துவிடுவான். கீழிருந்து மெதுவாகத் திரட்டி, வீக்கத்தின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறுகையால் அழுத்த வேண்டும். கடைசியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, ஈரத் துணியைப் பிழிந்தது போல. வீக்கம் போய்விட்டது. அந்த இடம் சமமாக இருந்தது. என் தழும்பு நேராக, அழகாகத் தெரிந்தது.

தேவஸ்ஸி கண்ணைத் திறந்து அடிவயிற்றைத் தடவிப் பார்த்தான். "போயிடுச்சு டாக்டரே" என்றான். "கை வச்சதும் போயிடுச்சு. அடியே த்ரேசியா, இங்க வா, பாரு." அவள் உள்ளே வந்து என் காலைத் தொடப் போனாள். நான் விடவில்லை. எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

கேஸ் சீட்டில் வயிற்றுப் பிடிப்பு என்று எழுதினேன். வாய்வழியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம், குளுக்கோஸ் போகட்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெத்தடின். நான் வரும் வரை வேறு எந்த டாக்டரும் பார்க்க வேண்டாம், இது என் கேஸ். அடியில் கையெழுத்துப் போட்டேன். பெத்தடின் எதற்கு என்று சசீந்திரன் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வலித்தால் கத்துவான். கத்தினால் யாராவது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் என் கேஸை என் அனுமதியில்லாமல் யாரும் தொடுவதில்லை. முப்பது வருடமாக நான் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன். பதினொன்றுக்குக் காரில் ஏறினேன். சாலக்குடிப் பாலம் தாண்டும்போது நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மாநாட்டைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை. சசீந்திரன் அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைதட்டினார் என்றே நினைவு. சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு முதல் படமாக தேவஸ்ஸி திரையில் வந்தான். கடைசிப் படத்தில் பூஜ்யம். எடின்பரோக்காரர் எழுந்து நின்று, "இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை" என்றார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் ரோசிலி போன் செய்தாள். "தேவஸ்ஸி சேட்டன் போயிட்டாரு சாரே" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு சின்னப் பேச்சை நான் கேட்டதே இல்லை. மீன்கறி ஆறிக்கொண்டிருந்தது, திரும்பிப் போய்ச் சாப்பிட்டேன். அப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது என்று ஒன்றும் மீதி இருக்கவில்லை.

இப்போது நான் செய்த ஒரே தவறுக்கு வருகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து மரணச் சான்று எழுத உட்கார்ந்தேன். திடீர் வயிற்று வலி, வாந்தி, ஒன்றரை நாளில் மரணம். பொருத்தமாக ஒரு காரணம் வேண்டும். கணையம் வெந்துபோனால் அப்படித்தான் சாவார்கள். கணையம் ஏன் வேகும்? மூட்டை தூக்குகிறவனுக்கு அதற்குக் காரணம் யோசிக்க வேண்டுமா? சாராயத்தால் ஏற்பட்ட கணைய அழற்சி என்று எழுதி முடித்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

தேவஸ்ஸி அவனுடைய சர்ச்சின் மதுவிரோத சமிதிக்குப் பதினான்கு வருடமாகக் காரியதரிசி. எனக்குத் தெரியாது. அவன் வயிற்றை ஒரு மணி நேரம் நின்று தைத்திருக்கிறேன், தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்திருக்கிறேன், குடிப்பாயா என்று ஒரு தடவை கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். அங்காடியில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கள்ளுக்கடை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே போகிறவனையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறவனாம்.

கொச்சுத்ரேசியா சான்றை எடுத்துக்கொண்டு சர்ச் கல்லறையில் குழி கேட்கப் போயிருக்கிறாள். பாதிரியார் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவள் அங்கிருந்து நேரே என் அறைக்கு வந்தாள். அழவில்லை. என் காலைத் தொட வந்தவளா இவள் என்று இருந்தது.

"டாக்டரே, அவரு செத்தது உங்க கையில இல்ல, கர்த்தர் கையில. அதை நான் ஒண்ணும் கேக்க வரல. ஆனா குடிகாரன்னு எழுதியிருக்கீங்களே, அதை அழிச்சுக் கொடுங்க."

"எழுதினதை அழிக்க முடியாது த்ரேசியா. வயித்துக்குள்ள என்ன இருந்துச்சோ அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ வயித்தைத் திறந்தே காட்டுங்க. ஒரு சொட்டு சாராயம் இருந்தா அவரை குடிகாரங்களை மாதிரி கல்லறை வேலிக்கு வெளியவே புதைக்கிறேன்."

நான் அன்று ஒரு கோடு கிழித்து அழித்துக் கொடுத்திருந்தால் தேவஸ்ஸி மதியமே மண்ணுக்குள் போயிருப்பான். அவள் சந்தேகப்பட்டு வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது புருஷனின் நல்ல பெயர் மட்டும். ஒரு கூலிக்காரன் மனைவி என் எழுத்தைத் திருத்தச் சொல்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. அழிக்க மாட்டேன் என்றேன். சவப்பெட்டி சர்ச் வாசலில் இருந்தது. அங்காடி ஆட்கள் நாற்பது பேர், நீலச்சட்டைக்காரர்கள், அதைத் தலைமாற்றித் தலைமாற்றிச் சுமந்து மெடிக்கல் காலேஜ் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து மைல். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். முன்னால் ரோசிலி நடந்தாள், யூனிபாரத்தோடு.

போஸ்ட்மார்ட்டம் செய்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். வயிறு நிறையச் சீழ், கருத்துப்போன ஓரடிக் குடல், அதில் ஓட்டை. சாராயம் ஒரு சொட்டு இல்லை. அதெல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'பழைய தையல் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது' என்று எழுதி, அளவுகோல் வைத்துப் படமும் எடுத்திருக்கிறான். இரண்டு விரல். அது அவன் கத்தி பட்டுப் பிரிந்தது. வயிற்றைக் கசாப்புக் கடை மாதிரி திறந்தால் தையல் எப்படி நிற்கும்? அந்தப் படத்தை முதல் நாள் புரொபசர் மேஜைக்கு நடுவில் தள்ளினார். அன்றிலிருந்து அது இங்கேயேதான் இருக்கிறது. நான் பார்க்க மாட்டேன்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். இரண்டாம் பாராவில் இப்படி இருக்கிறது: 'டாக்டர் இட்டூப், தாம் முன்பு செய்த அறுவையில் தையல் விட்டு மீண்டும் வந்த குடலிறக்கத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்.' மூன்று பேரும் கூடி, யோசித்து, என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வாக்கியம். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வரலாம். சசீந்திரன் கண்ணால் கெஞ்சுகிறார், போட்டுவிடுங்கள் சாரே என்று.

கவனிக்கத் தவறினேனா? நானா? எனக்குத் தெரியாமல் என் நோயாளியின் வயிற்றில் ஒன்றும் நடந்ததில்லை. எட்டே முக்காலுக்கே குடல் செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தள்ளினால் அவன் சாவான் என்று தெரியும். எத்தனை மணி நேரத்தில் சாவான் என்றுகூடத் தெரியும், மாநாட்டில் நான் பேசி முடிக்கும் வரை தாங்குவான் என்று கணித்திருந்தேன், அது சரியாகவே இருந்தது. கவனக்குறைவு என்பது உங்களைப் போன்றவர்களுக்கு வருவது.

பேனா என்னிடமே இருக்கிறது, நீங்கள் தர வேண்டாம். இந்த வரியை நான் அடித்துவிட்டேன். மேலே என் கையாலேயே எழுதியிருக்கிறேன், நீதிபதி அம்மா வாசித்துப் பார்க்கட்டும். 'தெரிந்தே தள்ளினேன், தெரிந்தே கொன்றேன்.' இதற்கு என்ன தண்டனையோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தையல் விட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். என் தையல் விடவில்லை.